காபி கொட்டிய லேப்டாப்பை இனி ஆன் செய்யலாமா?

கேள்வி: ஐயா, நான் ஆய்வு மாணவி. பத்து நாளைக்கு முன்பு, பாலும் சர்க்கரையும் சேர்த்த காபி அரைக் கோப்பை அளவுக்கு என் லேப்டாப் கீபோர்டின் மேல் கொட்டிவிட்டது. துணியால் துடைத்தேன். அடித்துக்கொண்டிருந்ததை சேவ் செய்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துத்தான் அணைத்தேன். இரண்டு நாள் அரிசிக்குள் வைத்திருந்து ஆன் செய்தபோது நன்றாகவே வேலை செய்தது. இப்போது மூன்று நாளாக இடது பக்கம் சில எழுத்துகள் விழுவதில்லை. ஒரு கீ தானாகவே அடித்துக்கொள்கிறது. சார்ஜ் சில சமயம் ஏறுகிறது, சில சமயம் ஏறுவதில்லை. ஒரு சர்வீஸ் கடையில் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். இன்னொரு கடையில் கீபோர்டு மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள். என் ஆய்வேட்டின் எல்லா அத்தியாயங்களும் அதில்தான் இருக்கின்றன. வேறெங்கும் நகல் இல்லை. யார் சொல்வதை நம்புவது? பேட்டரியையும் மாற்ற வேண்டியிருக்குமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கவலை தந்தது கடைசிக்கு முந்தைய வரிகள்தான். கீபோர்டுக்கு மாற்று உண்டு, போர்டுக்கும் உண்டு. எழுதிய அத்தியாயங்களுக்கு இல்லை. அதனால் ரிப்பேரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவற்றை வெளியே எடுத்துவிடுவோம்.

இப்போது லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தால் முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். மூடியை மட்டும் மூடி வைத்தால் அது தூங்கும், அணையாது. சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்; இனி மாட்ட வேண்டாம். அப்புறம் உங்கள் மாடலில் ஃபைல்களைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டி தனியாகக் கழற்றக்கூடியதா என்று பாருங்கள். பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் அது சூயிங்கம் பட்டை அளவில், ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிற்கும் எம்.2 கார்டாக இருக்கும். அதைக் கழற்றி, யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டு வேறு கணினியில் மாட்டினால் உங்கள் ஃபைல்கள் தெரியும். உறை வாங்கும்போது உங்கள் கார்டு என்விஎம்இ வகையா, சாட்டா வகையா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றுக்கான உறையில் மற்றது வேலை செய்யாமல் போகலாம்.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. இன்றைய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில், சாவி இல்லாமல் ஃபைல்களைப் படிக்க முடியாதபடி செய்யும் பிட்லாக்கர் பூட்டு, நமக்குத் தெரியாமலேயே போடப்பட்டிருக்கும். அந்த லேப்டாப்பில் இருக்கும்வரை எஸ்எஸ்டி தானாகத் திறந்துகொள்ளும், ஏனென்றால் சாவி மதர்போர்டில் உள்ள பாதுகாப்பு சிப்பிடம் இருக்கிறது. வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். போனிலிருந்தே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அந்தச் சாவி அங்கே இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் காகிதத்தில் எழுதி வையுங்கள். போர்டை மாற்றினாலும் இதே சாவிதான் தேவைப்படும்.

எஸ்எஸ்டி கழற்ற முடியாதபடி போர்டிலேயே சோல்டர் (ஈயப்பற்று) செய்யப்பட்ட மாடல் என்றால் நிலைமை வேறு. சில மெல்லிய விண்டோஸ் லேப்டாப்களிலும், சமீப வருடங்களில் வந்த மேக்புக்குகளிலும் அப்படித்தான். அங்கே போர்டு உயிரோடு இருந்தால்தான் ஃபைல்கள் கிடைக்கும். அப்படிப்பட்ட மாடலாக இருந்தால் மட்டும், பேட்டரியில் இருக்கும் சார்ஜை வைத்து ஒரே ஒரு முறை ஆன் செய்யுங்கள். ஆய்வேட்டு ஃபோல்டரை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு உடனே அணைத்துவிடுங்கள். படங்கள், பாட்டுகள், பழைய மெயில்கள் எல்லாம் பிறகு. இதிலும் ஆபத்து உண்டு. ஆனால் எட்டு நாளாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப், இன்னும் ஒரு பத்து நிமிடம் ஓடுவதை நான் ஏற்றுக்கொள்வேன். பூட்டு இருந்து மீட்புச் சாவி எங்கும் கிடைக்காவிட்டாலும் இதே வழிதான்.

சரி, இப்போது ரிப்பேர்.

லேப்டாப் முதலில் நன்றாக வேலை செய்து ஒரு வாரம் கழித்துக் கெடுவது உங்களுக்குப் புதிராக இருக்கும். எங்கள் மேசைக்கு வரும் ‘தண்ணீர் பட்ட’ லேப்டாப்களில் வழக்கமாகக் கேட்கும் கதை இது. கொட்டிய ஈரம் காய்ந்துவிடும். காபியில் கரைந்திருந்த சர்க்கரையும், பாலில் இருந்த உப்புகளும் புரதமும் கொழுப்பும் போர்டிலேயே தங்கிவிடும். அந்தப் படலம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அரை மில்லிமீட்டர்கூட இடைவெளியில்லாமல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளில் ஒன்றில் 19 வோல்ட், இன்னொன்றில் பூஜ்யம் என்றால், நடுவில் இருக்கும் ஈரப்படலத்தின் வழியாக மின்பகுப்பு நடக்கும். செம்பு ஒரு பக்கத்திலிருந்து கரைந்து களிம்பாக வெளியே வரும். நாள் ஆக ஆக, ஒரு இடத்தில் மின்சாரம் போகும் செம்புத் தடம் அறுந்துபோகும். இன்னொரு இடத்தில் சேரக்கூடாத இரண்டு தடங்கள் சேர்ந்துவிடும்.

அணைத்துவைத்தால் இது நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். பேட்டரி மாட்டியிருக்கும்வரை போர்டின் சில பகுதிகளில் மின்சாரம் எப்போதும் இருக்கும். பவர் பட்டனை அழுத்தினால் உணர வேண்டுமே, அதற்காக 3.3 வோல்ட் லைன் ஒன்று விழித்துக்கொண்டே இருக்கும். பேட்டரியிலிருந்து வரும் லைனும் அப்படித்தான். அரிசிக்குள் இருந்த அந்த இரண்டு நாளும் உங்கள் போர்டில் களிம்பு ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அரிசி வைத்தியத்தைப் பற்றி என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. மூடிய உறைக்குள், சிப்புக்கு அடியில் இருக்கும் ஈரத்தை வெளியே இருக்கும் அரிசி இழுக்க முடியாது. சர்க்கரையை அது எடுக்கவே எடுக்காது. போர்ட்டுகளுக்குள்ளும் ஃபேனுக்குள்ளும் அரிசி மாவு போய் அடைவதுதான் மிச்சம். ஹேர் டிரையரும் வேண்டாம். அந்தக் காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும், சூடு கீகளை வளைத்துவிடும். இவற்றைவிடப் பெரிய கெடுதல், ‘வைத்தியம் பார்த்தாகிவிட்டது’ என்ற நிம்மதி. அந்த நிம்மதியில்தான் திறந்து கழுவ வேண்டிய முதல் இரண்டு நாள் கைநழுவுகிறது.

உங்கள் சார்ஜ் பிரச்சினைக்கு வருகிறேன். இரண்டு கடைகளில் யார் சொல்வது சரி என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சார்ஜர் பின்னுக்குப் பக்கத்தில், போர்டில் ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) இருக்கும். மிகச் சிறிய மதிப்பு, பல போர்டுகளில் 0.01 ஓம். சார்ஜரிலிருந்து வரும் மின்சாரம் முழுவதும் அதன் வழியாகப் போகும். 3 ஆம்பியர் போனால் அதன் இரு முனைகளுக்கும் நடுவே 30 மில்லிவோல்ட் வித்தியாசம் வரும். சார்ஜைக் கட்டுப்படுத்தும் சிப்பான சார்ஜிங் ஐசி அந்த 30 மில்லிவோல்ட்டைப் பார்த்துத்தான் எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று தெரிந்துகொள்கிறது. அந்த ரெசிஸ்டரிலிருந்து ஐசிக்குப் போகும் இரண்டு தடங்களும் தலைமுடி போல மெல்லியவை. அவற்றில் ஒன்றின் மேல் துளி காபிப் படலம் இருந்தால் போதும், கணக்கு தப்பிவிடும். மின்சாரம் அளவுக்கு மேல் வருகிறது என்று நினைத்து ஐசி சார்ஜை நிறுத்திவிடும். காற்றில் ஈரம் குறைந்த நேரத்தில் மறுபடி சரியாக ஏறும். ‘சில சமயம் ஏறுகிறது, சில சமயம் இல்லை’ என்பதற்கு இது நன்றாகவே பொருந்துகிறது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அந்த ரெசிஸ்டரின் ஓரத்தில் வெளிர்பச்சையாகப் பொருக்கு தட்டியிருப்பது தெரியும். வெறும் கண்ணுக்கு போர்டு சுத்தமாகத்தான் இருக்கும்.

டைப்-சி வழியாக சார்ஜ் ஆகும் மாடல் என்றால் அந்த போர்ட்டையும் பார்க்க வேண்டும். 20 வோல்ட் வரை வரக்கூடிய பின்னும், ‘எத்தனை வோல்ட் வேண்டும்’ என்று சார்ஜரோடு பேசும் பின்னும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் அழுக்கு சேர்ந்தால் பேச்சு குழம்பும். மோசமானால் அந்தப் பேச்சைக் கவனிக்கும் ஐசியே போய்விடும்.

ஆகவே, கீபோர்டு மட்டும் மாற்றினால் போதும் என்று சொன்னவர் பாதிதான் பார்த்திருக்கிறார். கீபோர்டை மாற்றத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கீகளுக்கு அடியில் இரண்டு மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்; நடுவில் போன சர்க்கரையை முழுவதுமாக எடுப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். ஆனால் கீபோர்டைத் தாண்டிப் போன காபி சார்ஜிங் பகுதியைத் தொட்டிருக்கிறது. புதுக் கீபோர்டைப் போட்டு மூடிவிட்டால், அடியில் களிம்பு தன் வேலையைத் தொடரும். சில வாரங்களில் மறுபடி வருவீர்கள். அப்போது போர்டின் நிலைமை இன்றைக்கு இருப்பதைவிட மோசமாக இருக்கும்.

போர்டையே மாற்ற வேண்டும் என்றவரோ, கழுவிப் பார்க்காமலே முடிவுக்கு வந்துவிட்டார். பூட் ஆகிற, திரை வருகிற, விட்டுவிட்டாவது சார்ஜ் ஏறுகிற போர்டைச் செத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இந்த நிலையில் வரும் போர்டுகளில் கெட்டுப்போயிருப்பது பெரும்பாலும் சில கெப்பாசிட்டர்கள், ஒரு ஃபியூஸ், இரண்டொரு ரெசிஸ்டர்கள், சில சமயம் சார்ஜிங் ஐசி. அறுந்த தடத்துக்கு மெல்லிய எனாமல் கம்பியால் ஜம்பர், அதாவது மாற்று இணைப்பு, போடலாம். போர்டை மாற்றித்தான் தீர வேண்டிய நிலை என்பது, அதிக வோல்ட் பிராசசருக்குள் பாய்ந்தபோதோ, போர்டின் உள்ளடுக்குகள் கருகிப்போனபோதோதான். இன்னொரு விஷயம்: எஸ்எஸ்டி சோல்டர் செய்த மாடலில் போர்டை மாற்றினால் ஃபைல்களும் பழைய போர்டோடு போய்விடும். எந்தக் காரணத்துக்காக மாற்றினாலும் பழைய போர்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரியான கை யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போர்டை முழுவதும் வெளியே எடுத்து இரண்டு பக்கமும் கழுவுவீர்களா என்று கேளுங்கள். ஐசிகளின் மேல் இருக்கும் தகர மூடிகளைத் திறந்து பார்ப்பீர்களா, எதால் கழுவுவீர்கள், முன்னும் பின்னும் மைக்ரோஸ்கோப் படம் தருவீர்களா என்றும் கேளுங்கள். இந்த வேலையைத் தினமும் செய்பவர் இந்தக் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொல்வார். ‘அதெல்லாம் பார்த்துக்கொள்கிறோம்’ என்பது மட்டுமே பதில் என்றால் வேறு இடம் தேடுங்கள்.

கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இங்கே தப்பு செய்பவர்கள் நிறைய. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றித் தேய்த்தால் எல்லாம் போய்விடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது கொழுப்பை எடுக்கும், சோல்டர் செய்யும்போது தடவும் ஃப்ளக்ஸ் பசையை எடுக்கும், ஈரத்தை விரட்டும். சர்க்கரை மட்டும் அதில் கரையவே கரையாது என்று சொல்லலாம். சர்க்கரைக்குத் தண்ணீர்தான் வேண்டும். அதனால் சர்க்கரை சேர்ந்த எது கொட்டினாலும் முதலில் டிஸ்டில்டு வாட்டர், மென்மையான பிரஷ், பொறுமை. குழாய்த் தண்ணீர் ஆகாது. அதிலேயே உப்பு இருக்கிறது. மின்சாரம் இல்லாத போர்டுக்குத் தண்ணீர் எதிரி அல்ல. பேட்டரியும் போர்டில் இருக்கும் சிறிய காயின் பேட்டரியும் முதலில் கழற்றப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணீரில் கழுவிய பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசினால் சிப்புகளுக்கு அடியில் ஒளிந்த தண்ணீரையும் அது கூட்டிக்கொண்டு வந்துவிடும். காயத்துக்குத் தடவும் 70 சதவீதத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர்தான், அதை இதற்கு எடுக்க வேண்டாம். பெரிய சிப்புகளின் அடியில் நூற்றுக்கணக்கான சோல்டர் மணிகள் இருப்பதால் பிரஷ் அங்கே போகாது. அதற்கு, காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டி வேண்டும். அதில் வெறும் போர்டை மட்டும்தான் போட வேண்டும். ஃபேன், ஸ்பீக்கர், திரை, பேட்டரி எதுவும் கூடாது.

இதை நீங்களே வீட்டில் செய்யலாமா என்று கேட்டால், முழுவதும் வேண்டாம் என்பேன். பின் மூடியைக் கழற்றி, பேட்டரி கனெக்டரை போர்டிலிருந்து பிரித்து வைப்பதுவரை செய்யுங்கள். ரிப்பேர் செய்பவர் கைக்குப் போகும்வரை களிம்பின் வேகத்தைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை. வாரன்டியோ, தற்செயல் சேதத்துக்கான தனித் திட்டமோ இருந்தால் மட்டும் திறப்பதற்கு முன் அதைப் படித்துப் பாருங்கள். சாதாரண வாரன்டியில் திரவம் பட்ட சேதம் வழக்கமாகச் சேராது. தனித் திட்டத்தில் சேரலாம். கழற்றும் ஸ்க்ரூக்களை ஒரு காகிதத்தில் லேப்டாப்பின் வடிவம் வரைந்து, எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டை துளையில் முடுக்கி, மறுபக்கம் போர்டைத் துளைத்துவிட்ட லேப்டாப்கள் எங்களிடம் வருவதுண்டு. கனெக்டரைக் கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் முனையால் மெதுவாகத் தள்ளுங்கள். உலோகக் கருவி எதுவும் அங்கே வேண்டாம்.

கடையில் கொடுக்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: என்ன கொட்டியது, எவ்வளவு, எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் ஓடியது, அரிசியில் வைத்தது, அப்புறம் எத்தனை நாள் பயன்படுத்தியது. வெட்கப்பட்டு ‘திடீரென்று நின்றுவிட்டது’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். போர்டைப் பார்த்ததும் எங்களுக்குத் தெரிந்துவிடும், ஆனால் அதற்குள் ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பார்த்திருப்போம். கழுவுவதற்கு முன் கொடுக்கும் அந்த ஒரு முறையே சில சமயம் போர்டைக் கொன்றுவிடும். திரை கேபிளின் கனெக்டரில் ஈரம் இருந்தால் இன்னும் ஆபத்து. பின்னொளிக்குப் போகும் அதிக வோல்ட்டும், படத்துக்கான நுண்ணிய சிக்னல் லைன்களும் அதே கனெக்டரில்தான் வருகின்றன. அந்த சிக்னல் லைன்கள் பல மாடல்களில் நேராகப் பிராசசருக்குள் போகின்றன. அதிக வோல்ட் அந்த வழியாகத் தாவினால் அப்புறம் யாரும் எதுவும் செய்ய முடியாது. உங்கள் கனெக்டரையும் கட்டாயம் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்து நிமிடம் கழித்து அணைத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மாதக்கணக்கில் எழுதியதை சேவ் செய்யத்தான் யாருக்கும் கை போகும். இருந்தாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்: கொட்டிய அந்த நொடியில் சேவ் செய்ய நிற்காதீர்கள். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு சார்ஜரை உருவுங்கள். திரையைத் திறந்தபடியே லேப்டாப்பைக் கூடாரம் போலக் கவிழ்த்து, வந்த வழியே வடியவிடுங்கள். சில மாடல்களில் கீபோர்டில் விழுந்தது அடிவழியாக வெளியேற வடிகால் துளைகள் இருக்கும். அவற்றைக் கவிழ்க்காமல் அப்படியே தூக்கிப் பிடித்தால் போதும். உங்கள் மாடலில் துளை உண்டா என்று இன்றே அடிப்பக்கத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஆன் செய்து ‘வேலை செய்கிறதா’ என்று பார்க்கும் ஆசையை அடக்குங்கள். வெறும் தண்ணீர்தானே என்று விடவும் வேண்டாம், அது கீபோர்டின் அழுக்கையும் வியர்வை உப்பையும் கரைத்துக்கொண்டுதான் உள்ளே போகிறது. பழச்சாறு, குளிர்பானம் என்றால் அமிலமும் சேர்ந்துகொள்ளும். வளர்ப்புப் பிராணிகளின் சிறுநீர் எல்லாவற்றையும்விட மோசம். அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

கடைசியாக பேட்டரி. மாற்றித்தான் ஆக வேண்டும் என்று இங்கிருந்து சொல்ல முடியாது, பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். லேப்டாப்பை மேசைமேல் வைத்தால் ஆடுகிறதா, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது, உடனே மாற்ற வேண்டும். உப்பவில்லை என்றால், அதன் கனெக்டரிலும் உறையின் விளிம்பிலும் காபிக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரிக்குள்ளும் ஒரு சிறிய பாதுகாப்பு போர்டு இருக்கிறது. கறை உறைக்குள் போயிருந்தால் அந்த போர்டைக் கழுவி மறுபடி நம்புவதை நான் விரும்புவதில்லை. புதியது போடச் சொல்வேன். வெளியே கனெக்டரில் மட்டும் கறை என்றால் துடைத்துப் பயன்படுத்தலாம். ரிப்பேர் முடிந்து வந்த பிறகு முதல் சில முறை, நீங்கள் பக்கத்தில் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் சார்ஜ் போடுங்கள். மெத்தைமேல் வேண்டாம், மேசைமேல் வைத்துப் போடுங்கள்.